மறுபடியும் பூ போட்டுப் பார்க்கலாமா?

(பட்டிமன்றத் தலைப்பு: "நாட்டு மக்களிடம் நடத்திய வாக்கெடுப்பு மயிரிழையில் முடிந்தால் மறுபடியும் கேட்கலாம்! கேட்கக் கூடாது!" – 'கேட்கக் கூடாது' அணியின் இரண்டாவது பேச்சு)

நீதி தவறாத நடுவர் ஐயா அவர்களே! எதிரணியில் அமர்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கும் அன்புச் சகோதர சகோதரிகளே! என் அணித் தோழர்களே! அரங்கம் நிறைந்த பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டிலே தொலைக்காட்சிக்கு முன்னால், காயைப் பாதி நறுக்கியும் பாதி நறுக்காமலும் உட்கார்ந்திருக்கும் குடும்பத்து உறவுகளே!

எனக்கு முன்னால் பேசிய அம்மா ரொம்ப நல்லாப் பேசினாங்க. "நூறு பேரில் 52 பேர் சரி என்கிறார்கள், 48 பேர் வேண்டாம் என்கிறார்கள். இதை ஒரு நாட்டின் தீர்ப்பு என்று எப்படிச் சொல்வது? இன்னொரு தடவை கேட்டால் என்ன, குடியா முழுகிப் போய்விடும்?" அப்படின்னு கேட்டாங்க. நீங்களும் கை தட்டினீங்க. நானும் தட்டினேன். தட்டின பிறகுதான் ஞாபகம் வந்தது, நாம இந்தப் பக்கம் இல்ல உக்காந்திருக்கோம்னு! (சிரிப்பு)

குடி முழுகிப் போகுமான்னு கேட்டாங்க இல்லையா? ஒரு குடி முழுகினதை நான் கண்ணால பாத்திருக்கேன் ஐயா. வேற யார் குடியும் இல்ல, எங்க குடிதான்.

எனக்கு அப்ப ஏழு வயசு. தாத்தா காலமாகிட்டார். ஊரில் இருந்த ஓட்டு வீட்டை விற்பதா, வைத்துக்கொள்வதா என்று பேச்சு வந்தது. அப்பாவோடு சேர்த்து அண்ணன் தம்பி நாலு பேர். ரெண்டு பேர் விக்கணும்கிறாங்க, ரெண்டு பேர் விக்கக் கூடாதுங்கிறாங்க. பாட்டி பாத்தாங்க. "அம்மன் சொல்லட்டும்டா"ன்னுட்டாங்க. கோயில்ல பூக்கட்டிப் பாக்குறது உங்களுக்குத் தெரியும். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். வெள்ளை வந்தா வீடு நமக்கு, சிவப்பு வந்தா வித்துடறது. கள்ளம் கபடம் தெரியாத பிள்ளை எடுக்கணுமாம். என்னைக் கொண்டுபோய் நிறுத்தினாங்க. ஏன் சிரிக்கிறீங்க? அப்ப நான் அப்படித்தாங்க இருந்தேன்! (சிரிப்பு)

எடுத்தேன். செவ்வரளி. உடனே சித்தப்பா, "பொட்டலத்தைச் சரியாக் குலுக்கவே இல்ல. பையன் மேல கிடந்ததை எடுத்துட்டான். இன்னொரு தடவை"ன்னார். குலுக்கினாங்க. எடுத்தேன். வெள்ளை. இப்போ பெரியப்பா விடுவாரா? "ஆளுக்கு ஒண்ணு ஆச்சு. மூணாவது எடுத்தாத்தான் முடிவு"ன்னார். பாட்டி பேசவே இல்லை. கிடந்த பூவையெல்லாம் முந்தானையில் அள்ளிக்கொண்டு நடையைக் கட்டிட்டாங்க. கோயில் வாசல்ல நின்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னாங்க. "இனிமே அவ எதைச் சொன்னாலும் நீங்க கேக்கப் போறதில்லடா."

அப்புறம் வீடு என்ன ஆச்சு? விக்கவும் இல்லை, குடியிருக்கவும் இல்லை. ஓடு உடைஞ்சுது. "விக்கப் போற வீட்டுக்கு எதுக்குப் புது ஓடு?" என்பார் பெரியப்பா. "நமக்குன்னு முடிவாகட்டும், அப்புறம் மாத்திக்கலாம்" என்பார் சித்தப்பா. மறுபடி பூ போடலாம், மறுபடி பூ போடலாம் என்றே ஒன்பது வருஷம் ஓடியது. பத்தாவது வருஷம் ஐப்பசி மழையில் கூரை உள்ளே விழுந்தது. அதற்குள் அண்ணன் தம்பிகளுக்குள் பேச்சுவார்த்தையே நின்றுபோச்சு.

நடுவர் ஐயா, இந்தக் கதையை ஞாபகத்தில் வெச்சுக்குங்க. கடைசியில் மறுபடி இங்கேதான் வரப் போறேன்.

இப்போ பிரிட்டனுக்கு வாங்க. விமானச் செலவு இல்லாம கூட்டிட்டுப் போறேன். 2016-ஆம் ஆண்டு ஜூன் 23. ஐரோப்பிய யூனியனில் இருப்பதா, வெளியேறுவதா என்று நாட்டு மக்களிடம் கேட்டார்கள். இது தேர்தல் இல்லை, பொதுவாக்கெடுப்பு. ரெண்டுக்கும் வித்தியாசம் உண்டு. தேர்தலில் தோற்றவன் அஞ்சு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் அடுத்த வாய்ப்பு வந்துவிடும். பொதுவாக்கெடுப்பில் 'அடுத்த தடவை' என்று தேதி போட்டு எழுதி வைப்பது இல்லை. அதனால்தான் தோற்றவனுக்கு நெஞ்சு அப்படி எரியுது. அந்த எரிச்சலை நான் குறை சொல்ல மாட்டேன்.

முடிவு என்ன? வெளியேறு என்றவர்கள் 1 கோடியே 74 லட்சம் பேர். இரு என்றவர்கள் 1 கோடியே 61 லட்சம் பேர். நூற்றுக்கு 51.9, 48.1. வித்தியாசம் ஏறக்குறைய 12 லட்சத்து 70 ஆயிரம் வாக்கு. ஸ்காட்லாந்தில் நூற்றுக்கு 62 பேர் 'இரு' என்றார்கள். வட அயர்லாந்திலும் 'இரு' பக்கம்தான் பெரும்பான்மை. இங்கிலாந்தும் வேல்ஸும் 'வெளியேறு' என்றன. மறுநாள் காலையிலேயே பிரதமர் டேவிட் கேமரூன் பதவி விலகுவதாக அறிவித்துவிட்டார்.

என் அக்கா மகன் லண்டனுக்குப் பக்கத்துல கம்ப்யூட்டர் வேலையில் இருக்கான். அவனும் ஓட்டுப் போட்டான். இந்தியப் பாஸ்போர்ட்தான். ஆனாலும் காமன்வெல்த் நாட்டுக் குடிமகன், அங்கே குடியிருக்கிறான் என்பதால் அவனுக்கு வாக்குரிமை உண்டு. அவன் பக்கத்து வீட்டில் ஒரு பிரெஞ்சு அம்மா. இருபது வருஷமாக அங்கேயே இருக்காங்க, அங்கேயே வரி கட்டுறாங்க. அந்தம்மாவுக்கு ஓட்டு இல்லை! போன வாரம் போன மாதிரி போன நம்ம பையன், அந்தம்மா அந்த நாட்டில் இருக்கலாமா கூடாதா என்று சொல்லப் போறான். பையன் போட்டது 'வெளியேறு'. அவன் மனைவி போட்டது 'இரு'. ஒரே வீட்டில், ஒரே சாம்பார் சாப்பிட்டுவிட்டு, ஒருத்தர் ஓட்டை ஒருத்தர் ஓட்டு அடிச்சுப் போட்டாச்சு. ரெண்டு பேரும் வீட்டிலேயே படுத்துத் தூங்கியிருக்கலாம்! (சிரிப்பு, கைதட்டல்)

நான் அங்கே இருந்திருந்தா மருமகப் பொண்ணு பக்கம்தான் போட்டிருப்பேன். இதை எதுக்குச் சொல்றேன்னா, ஜெயிச்சவன் பக்கம் நின்னுக்கிட்டு "மறுபடி கேக்காதே"ன்னு சொல்றது சுலபம். என் மனசு தோத்தவங்களோடதான் இருந்தது. இருந்தும் சொல்றேன், மறுபடி கேட்டிருக்கக் கூடாது.

முடிவு வந்ததும் என்ன நடந்தது? மறுபடி நடத்து என்று நாடாளுமன்றத்துக்கு ஒரு மனு. இணையத்திலே கையெழுத்து மளமளவென்று ஏறி 40 லட்சத்தைத் தாண்டியது. அதில் போலி என்று 77 ஆயிரத்தை நீக்கினார்கள். அதுவா வேடிக்கை? அந்த மனு வாக்கெடுப்புக்கு ஒரு மாசம் முன்னாலேயே எழுதப்பட்டது. எழுதியவர் 'வெளியேறு' பக்கத்துக்காரர்! நாம எப்படியும் தோத்துடுவோம்னு நினைச்சு, நூற்றுக்கு 75 பேர் வந்து போடாமல், 60 பேராவது ஒரு பக்கம் சேராமல் முடிவானால், மறுபடி நடத்தணும்னு முன்கூட்டியே எழுதி வெச்சார். கடைசியில் அவர் ஜெயிச்சுட்டார். தோத்தவங்க எல்லாரும் ஓடிவந்து அவர் மனுவில் கையெழுத்துப் போட்டாங்க. (பலத்த சிரிப்பு)

அது மட்டுமா? வெளியேறும் இயக்கத்தின் பெரிய முகம் நைஜல் ஃபராஜ். வாக்கெடுப்புக்கு முந்தின மாசம் ஒரு பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். 52-க்கு 48 என்று முடிந்தால் அது முடிந்த காரியமே ஆகாது என்று சொன்னார். அவர் மனசில் இருந்தது தன் பக்கம் 48 வாங்கித் தோற்பது. வந்தது அதே 52, அதே 48. பக்கம் மட்டும் மாறிப் போச்சு! அதுக்கப்புறம் அவர் வாயில் அந்தப் பேச்சு வருமா?

'மயிரிழை' என்கிற வாதத்தின் லட்சணம் இதுதான் நடுவர் ஐயா. தோத்தவன் கையில் இருந்தா அது நியாயம், ஜெயிச்சவன் கையில் இருந்தா அது அழுகுணி ஆட்டம்.

அம்மா இன்னொண்ணு சொன்னாங்க. பொய் சொல்லி வாங்கின ஓட்டு, அதனால செல்லாதுன்னாங்க. உண்மைதான், வாரத்துக்கு 35 கோடி பவுண்டு ஐரோப்பாவுக்கு அனுப்புகிறோம் என்று சிவப்புப் பேருந்தில் எழுதி ஊர் ஊராக ஓட்டினார்கள். அந்தக் கணக்கு ஆளை ஏமாற்றுகிற கணக்கு என்று நாட்டின் புள்ளிவிவர ஆணையமே சொல்லிவிட்டது. ஆனா, பிரச்சாரத்தில் பொய் சொன்னா வாக்கெடுப்பு செல்லாது என்று ஒரு சட்டம் போட்டுப் பாருங்க. உலகத்தில் எந்த ஊரில், எந்தத் தேர்தல் தேறும்? நம்ம ஊருக்கு நான் வரவே இல்லை ஐயா, எனக்கு இன்னும் நாலு மேடை இருக்கு. (சிரிப்பு, கைதட்டல்)

இப்போ பக்கத்துத் தீவுக்குப் போவோம். அயர்லாந்து. குடும்பத்தோட பாக்குறவங்க இதைக் கொஞ்சம் கவனமாக் கேட்கணும், ஏன்னா இது குடும்ப விஷயம். அந்த நாட்டின் 1937-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்திலேயே விவாகரத்து கூடாது என்று எழுதியிருந்தது. கணவன் விட்டுட்டுப் போயிருந்தாலும், பிரிஞ்சு இருபது வருஷம் ஆகியிருந்தாலும், இன்னொரு கல்யாணம் பண்ணிக்க முடியாது. 1986-ல் மக்களிடம் கேட்டார்கள், மாத்தலாமா என்று. நூற்றுக்கு 63 பேருக்கு மேல் கூடாது என்றார்கள். சரி என்று அரசாங்கம் விட்டுவிட்டது. ஒன்பது வருஷம் கழித்து, 1995 நவம்பர் 24-ஆம் தேதி மறுபடி கேட்டார்கள்.

எதிரணி உடனே குதிக்கிறாங்க பாருங்க, "அது மறுபடி கேட்டதுதானே"ன்னு! உக்காருங்கம்மா. 63-க்கு 37 என்பது மயிரிழையா? அது வடக்கயிறு. (சிரிப்பு) அதுவும் இல்லாம, இந்த ஒன்பது வருஷத்தில் பிரிந்து வாழும் தம்பதிகளுக்கான சொத்து, ஜீவனாம்சம் பற்றிய சட்டங்களைச் சீர்படுத்தி, 'விவாகரத்து வந்தா பொண்ணு நடுத்தெருவில் நிப்பாளா?' என்ற பயத்துக்குப் பதில் தயார் பண்ணிக்கொண்டு வந்தார்கள்.

நான் சொல்ல வந்தது ரெண்டாவது வாக்கெடுப்பின் முடிவை. எப்படிப்பட்ட போட்டி தெரியுமா? விவாகரத்து வந்தால் அப்பா வீட்டைவிட்டுப் போயிடுவார் என்று குழந்தைகளைச் சாக்கு வெச்சுச் சுவரொட்டி ஒட்டினார்கள். வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்னால், அரசாங்கம் மக்கள் பணத்தை ஒரு பக்கப் பிரச்சாரத்துக்குச் செலவு செய்தது தவறு என்று உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. வாக்களிப்பு அன்று மேற்குப் பக்கம் கடும் மழை. 'வேண்டாம்' என்போர் அதிகம் இருந்த கிராமப்புறம் அது. பல பேர் வாசல்படி தாண்டவில்லை. எண்ணிப் பார்த்தால், விவாகரத்து வேண்டும் என்றவர்கள் 8,18,842 பேர். வேண்டாம் என்றவர்கள் 8,09,728 பேர். வித்தியாசம் வெறும் 9,114. ஒரு தேசத்தில் 9,114! நம்ம ஊர்த் திருவிழாவில் ஒரு தெருவில் நிற்கிற கூட்டம்!

தோற்றவர்களுக்கு எத்தனை காரணம் பாருங்க. மழை காரணம், அரசாங்கப் பணம் காரணம், மயிரிழை காரணம். என் சித்தப்பாவுக்குக் கிடைச்சது பொட்டலம் குலுக்காத ஒரே காரணம். இவர்களுக்கு மூணு! கோர்ட்டுக்குப் போனார்கள். 1996-ல் கோர்ட்டு கேட்டு முடித்து, முடிவு செல்லும் என்றது. அதோடு விட்டார்கள் ஐயா. நாடும் விட்டது.

சரி, மறுபடி நடத்தினால் என்ன நஷ்டம்? சொல்றேன். 1997 ஜனவரி. விவாகரத்துச் சட்டம் நடைமுறைக்கு வரவே இன்னும் சில வாரம் இருந்தது. அதற்குள் ஒரு மனிதர் கோர்ட்டில் வந்து நின்றார். மனைவியைப் பிரிந்து பல வருஷம். வேறொரு பெண்ணோடு வாழ்க்கை. தீராத நோய், நாளை எண்ணிக்கொண்டிருக்கிறார். சாகும் முன்னால் அந்தப் பெண்ணுக்குச் சட்டப்படி கணவனாக வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. திருத்திய அரசியல் சட்டத்தை நேரடியாக எடுத்துக்கொண்டு நீதிபதி அனுமதி கொடுத்தார். அந்த நாட்டின் முதல் விவாகரத்து அதுதான். "மயிரிழைதானே, இன்னும் ஒரு வருஷம் கழித்து மறுபடி கேட்போம்" என்றிருந்தால், அந்த மனிதர் எந்த வருஷத்துக்குக் காத்திருப்பார்? (கைதட்டல்)

ஜெயிச்சவங்களும் ஆடவில்லை. அஞ்சு வருஷத்தில் நாலு வருஷம் பிரிந்திருந்தால்தான் விவாகரத்து என்று வாக்கெடுப்புக்கு வைத்த வாசகத்திலேயே கட்டுப்பாடு இருந்தது. வேண்டாம் என்ற 8 லட்சம் பேருடைய பயத்துக்குக் கொடுத்த மரியாதை அது. ஜெயிச்ச பிறகு அதைத் தளர்த்த ஓடவில்லை. 24 வருஷம் கழித்து, 2019-ல், அந்த நாலு வருஷ நிபந்தனையை அரசியல் சட்டத்திலிருந்து எடுக்கலாமா என்று கேட்டபோது, நூற்றுக்கு 82 பேர் எடுக்கலாம் என்றார்கள். 9,114-ல் தொடங்கியது அங்கே வந்து நின்றது. நடுவில் மக்கள் அந்த முடிவோடு வாழ்ந்து பார்த்தார்கள்.

நடுவர்: எல்லாம் சரி. அந்த அம்மா டென்மார்க் என்று ஒரு நாட்டைச் சொன்னாங்களே? மறுபடி கேட்டாங்க, முடிவு மாறிச்சு, நாடும் நல்லாத்தானே இருக்கு? அதை மட்டும் தாண்டிப் போயிடலாம்னு பாக்குறீங்களா?

(சிரிப்பு) தாண்டவில்லை ஐயா, அதுக்குத்தான் வரேன். அது அவங்க கையில் இருக்கிற துருப்புச் சீட்டு, ஒத்துக்கறேன். 1992 ஜூன் 2. ஐரோப்பிய யூனியனை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தை ஏற்கலாமா என்று டென்மார்க் மக்களிடம் கேட்டார்கள். 50.7 பேர் வேண்டாம், 49.3 பேர் வேண்டும். வித்தியாசம் 46 ஆயிரம் வாக்கு. ஐரோப்பாவே ஆடிப் போச்சு. அதே மாசம் ஐரோப்பியக் கால்பந்துப் போட்டி. யூகோஸ்லாவியாவை நீக்கியதால் கடைசி நேரத்தில் உள்ளே வந்த டென்மார்க், இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியை 2-0 என்று அடித்துக் கோப்பையையும் தூக்கிட்டுப் போச்சு. ஐரோப்பாவுக்கு அந்த மாசம் டென்மார்க் என்றாலே வயிற்றுவலி! (சிரிப்பு)

அப்புறம் என்ன செய்தார்கள்? அந்த டிசம்பரில் எடின்பரோவில் கூடிப் பேசி, டென்மார்க்குக்கு நாலு விலக்கு கொடுத்தார்கள். பொது நாணயம், ராணுவம், குடியுரிமை, போலீஸ்-நீதித்துறை விவகாரம் இந்த நாலிலும் கட்டாயம் இல்லை. 1993 மே 18-ல் மறுபடி வாக்கெடுப்பு. 56.7 பேர் சரி என்றார்கள்.

இதை நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். ஏன்னா ரெண்டாவது தடவை வைத்தது பழைய கேள்வி இல்லை. 'வேண்டாம்' என்ற பாதிப் பேர் எதைக் கண்டு பயந்தார்களோ, அதில் நாலை எடுத்துவிட்டுத்தான் கேட்டார்கள். ஆனால் அம்மா ஒண்ணை விட்டுட்டாங்க. முடிவு வந்த அன்று ராத்திரி கோபன்ஹேகனில் நோர்ப்ரோ என்கிற பேட்டையில் என்ன நடந்தது? "வேண்டாம்னு சொன்னோமே, வேணும்னு சொல்ற வரைக்கும் கேப்பீங்களா?" என்று இளைஞர்கள் தெருவில் இறங்கினார்கள். கல் பறந்தது. போலீஸ் சுட்டது. ஒண்ணு ரெண்டு குண்டு இல்லை ஐயா, 113 குண்டு. 11 பேர் காயம்பட்டார்கள். உயிர்ப்பலி இல்லாதது பெரிய புண்ணியம். டென்மார்க் எப்படிப்பட்ட நாடு? சத்தம் போட்டுப் பேசக் கூச்சப்படுகிற நாடு! அங்கே, சாதாரண நாளில், சொந்த ஜனத்தின் மேல் துப்பாக்கிச் சூடு. வேறு கேள்வி, நியாயமான கேள்வி, அதற்கே இந்த விலை. கேள்வியை மாற்றாமல் வித்தியாசம் குறைவு என்ற ஒரே காரணத்துக்காகக் கேட்டிருந்தால்?

டேனிஷ்காரர்கள் அதிலிருந்து கத்துக்கிட்டாங்கன்னுதான் எனக்குத் தோணுது. 2000-ல் யூரோ நாணயத்துக்கு மாறலாமா என்று கேட்டார்கள். 53 பேர் வேண்டாம் என்றார்கள். அதோடு சரி. இன்று வரைக்கும் மறுபடி கேட்கவில்லை, அங்கே இன்றும் குரோனர்தான். ராணுவ விலக்கை நீக்கலாமா என்று 2022-ல் கேட்டார்கள். அதற்குள் ஐரோப்பாவில் யுத்தமே வந்துவிட்டது, உலகம் மாறிவிட்டது. 67 பேர் சரி என்றார்கள். முப்பது வருஷம் கழித்து ஐயா!

"52 பேர் போதாது, அதிகம் வேணும்" என்று நினைக்கிறீர்களா? தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பொட்டலம் பிரிக்கும் முன்னாலேயே சொல்லுங்க. 1979 மார்ச் 1-ல் ஸ்காட்லாந்தில் தனிச் சட்டமன்றம் வேண்டுமா என்று கேட்டபோது அப்படித்தான் செய்தார்கள். பதிவான வாக்கில் ஜெயித்தால் மட்டும் போதாது, மொத்த வாக்காளரில் நூற்றுக்கு 40 பேராவது வேண்டும் என்று முன்கூட்டியே சட்டத்தில் எழுதினார்கள். வாக்களித்தவர்களில் 51.6 பேர் வேண்டும் என்றார்கள். மொத்த வாக்காளர் கணக்கில் அது 33-தான். கிடைக்கவில்லை. ஸ்காட்லாந்துக்காரர்களுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தில் அதே மாசம் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்து, 311-க்கு 310 என்று ஒரே ஒரு ஓட்டில் பிரிட்டிஷ் அரசாங்கமே கவிழ்ந்தது. உடம்பு முடியாமல் கிடந்த ஆளும் கட்சி உறுப்பினர் ஒருவரை ஆம்புலன்சில் கொண்டுவந்தால் அரசாங்கம் பிழைத்திருக்கும். வழியில் உயிர் போய்விடும் என்று பயந்து, வேண்டாம் என்று விட்டார்கள். ஒரு ஓட்டில் போன அந்த ஆட்சிக்குப் பிறகு வந்தவர் மார்கரெட் தாட்சர், பதினோரு வருஷம்! அப்போது யாராவது "ஒரு ஓட்டுதானே, மறுபடி எண்ணலாம், மறுபடி கேட்கலாம்" என்றார்களா? நம்ம நாட்டாமைப் படத்து வசனத்தை அங்கே யாரும் பேசவில்லை. (சிரிப்பு) ஸ்காட்லாந்து பதினெட்டு வருஷம் காத்திருந்தது. 1997-ல் கேட்டபோது 74 பேர் வேண்டும் என்றார்கள்.

கனடாவில் கியூபெக் மாகாணத்தைச் சொல்லாமல் போக முடியாது. 1995 அக்டோபர் 30, மாகாணம் தனியாகப் போகலாமா என்று வாக்கெடுப்பு. நூற்றுக்கு 93 பேருக்கு மேல் வந்து வாக்களித்தார்கள். 54,288 வாக்கில் 'வேண்டாம்' ஜெயித்தது. செல்லாத வாக்கே அதைவிட அதிகம்! தோற்ற அன்று ராத்திரி மாகாணப் பிரதமர் பாரிசோ, பணமும் வேற்று இனத்தார் ஓட்டும் நம்மைத் தோற்கடித்தன என்று பேசினார். அந்த 'வேற்று இனத்தாரில்' மொன்றியலில் குடியேறியிருந்த நம் ஈழத் தமிழரும் உண்டு. மறுநாளே பதவி விலகுவதாகச் சொன்னார். அவர் கட்சி பிறகும் ஆட்சியில் இருந்தது. நினைத்திருந்தால் பிறகு மறுபடி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

திரும்பி பிரிட்டனுக்கு வரேன். மணி அடிக்கப் பாக்காதீங்க ஐயா, எங்க வீட்டு ஓடு இன்னும் பாக்கி இருக்கு.

52-க்கு 48 என்று வந்ததும் நியாயப்படி என்ன செய்திருக்கணும்? ஜெயிச்சவன், "நான் 52-தான், 100 இல்லை" என்று உணர்ந்து, தோற்ற 48-ஐயும் உட்கார வைத்துப் பேசியிருக்கணும். யூனியனை விட்டு வெளியே வருவோம், ஆனால் வியாபார உறவை வைத்துக்கொள்வோம், வட அயர்லாந்து எல்லையில் மறுபடி சோதனைச் சாவடி வராமல் பார்ப்போம் என்று ஒரு நடுவழி. ஜெயிச்சவங்க அதைச் செய்யலை. மக்கள் தீர்ப்பு, மக்கள் தீர்ப்பு என்று 48 பேரை மக்கள் கணக்கிலேயே சேர்க்காமல் பேசினார்கள். அது அவங்க பாவம்.

தோத்தவங்க என்ன செஞ்சாங்க? 2019 ஏப்ரல் 1. முட்டாள்கள் தினம், தேதியை நான் வைக்கலை! நாடாளுமன்றத்தில் பல யோசனைகளை ஓட்டுக்கு விட்டார்கள். ஒரு யோசனை, வெளியேறினாலும் ஐரோப்பாவோடு பொதுச் சுங்கவரி ஏற்பாட்டில் இருப்போம் என்பது. அதுதான் நடுவழி. ஆதரவு 273, எதிர்ப்பு 276. மூணே ஓட்டில் தோற்றது ஐயா. மூணு! எதிர்த்தவர்களில் யார் யார் இருந்தார்கள் தெரியுமா? இரண்டாவது வாக்கெடுப்புக்காகக் கொடி பிடித்தவர்களிலேயே சில பேர்! எதுக்கு நடுவழி, மறுபடி கேட்டா முழுசாவே ஜெயிச்சுடலாமே என்ற ஆசை. அன்றைக்கே இரண்டாவது வாக்கெடுப்பு யோசனையும் வந்தது. ஆதரவு 280, எதிர்ப்பு 292. அதுவும் போச்சு.

புது ஓடு மாத்தலாம்னு சொன்னா, "மறுபடி பூ போட்டா வீடே நமக்கு வருமே"ன்னு சித்தப்பா காத்திருந்தாரே, அந்தக் கதைதான். அந்த டிசம்பர் தேர்தலில் போரிஸ் ஜான்சன் கட்சி 365 இடம் பிடித்தது. 2020 ஜனவரி 31-ல் பிரிட்டன் வெளியேறியது. பொதுச் சுங்க ஏற்பாடும் இல்லை, பொதுச் சந்தையும் இல்லை. மூணு ஓட்டில் கைக்குக் கிடைத்திருக்க வேண்டியதை விட்டுவிட்டு, கூரை விழுந்த பிறகு வானத்தைப் பார்த்தார்கள். (பலத்த கைதட்டல்)

நடுவர்: மணி அடிச்சாச்சு.

கேட்டுது ஐயா. ஒரே நிமிஷம். அக்கா மகன் வீடு என்ன ஆச்சுன்னு சொல்லாம போனா அக்கா என்னைச் சும்மா விடமாட்டா.

மருமகப் பொண்ணு 2019-ல் லண்டனில் மறு வாக்கெடுப்பு கேட்டு நடந்த பேரணிக்குக் குழந்தையைத் தூக்கிட்டுப் போனா. இவன் வீட்டில் சாதம் வடிச்சான். அதே வசந்த காலத்தில்தான் ஐரோப்பிய நாட்டவர் அங்கே தொடர்ந்து தங்கப் பதிவு செய்யணும்னு விண்ணப்பத் திட்டம் முழுசாத் தொடங்கியிருந்தது. பாஸ்போர்ட்டைப் போனில் காட்டிப் பதியணும். ஆரம்பத்தில் ஆண்ட்ராய்டு போனில்தான் வேலை செஞ்சுது. பக்கத்து வீட்டுப் பிரெஞ்சு அம்மாகிட்ட இருந்தது வேற போன். ராத்திரி பத்து மணிக்கு, ஓட்டே இல்லாத அந்தம்மா கதவைத் தட்டினாங்க. 'வெளியேறு'ன்னு ஓட்டுப் போட்ட நம்ம பையன், தன் போனை எடுத்து வெச்சுக்கிட்டு, அந்தம்மாவோட இருபது வருஷத்து விவரத்தையும் ஒவ்வொண்ணாக் கேட்டுப் பதிஞ்சு கொடுத்தான். பேரணிக்குப் போன மருமக காப்பி போட்டுக் கொண்டுவந்து வெச்சா. முடிக்கும்போது மணி ஒண்ணாம்.